காலி அறையின் ஒலி

ஹெட்ஃபோனில் மாமா "ஆஸ்பத்திரி" என்று சொன்னபோது அவள் துவைத்த போர்வையை உதறிக்கொண்டிருந்தாள். ஒரு முனை கையிலும் மறுமுனை நாற்காலியின் மேலுமாக அப்படியே நின்றாள். அடுத்த மூச்சு வந்தது. அடியில் குமிழி உடைகிற மூச்சு. அதன் வாலைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் அதே சொல். இந்தத் தடவை "கூட்டிட்டுப் போ" என்பதும் சேர்ந்து வந்தது.

மாமா படுத்திருந்தது வீட்டின் ஒலிப்பதிவு அறையில். "அப்பாவுக்கு அமைதி வேணும், மத்த ரூமெல்லாம் தெருச்சத்தம்" என்று அவள் கணவன் சொன்னான். சுவரெங்கும் கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டிய அந்த அறைக்குள் கட்டில் போனது. பின்னாலேயே ஆக்ஸிஜன் சிலிண்டரும் போனது. அதன் பிறகுதான் உறைத்தது, உள்ளே இருப்பவர் எவ்வளவு கத்தினாலும் வெளியே ஒரு பொட்டுச் சத்தம் வராது என்று. அதற்காகத்தானே அவ்வளவு பார்த்துப் பார்த்து அடைத்தார்கள். அதனால் பேசுவதற்கென்று இருந்த மைக்கையே அவர் தலைமாட்டில் தொங்கவிட்டு, அதன் ஒலியை அவள் ஹெட்ஃபோனுக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். சமைக்கும்போதும் துவைக்கும்போதும் மாமாவின் மூச்சு அவள் காதுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மாஸ்க்கை ஒரு பக்கமாக இழுத்துவிட்டிருந்தார். கண்கள் மட்டும் பெரிதாகியிருந்தன.

"கத்திரி," என்றார். அவளை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "அவன்கிட்ட சொல்லு. போலாம்னு சொல்லு."

"எங்க மாமா?"

அவர் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியில் இருந்த பலம் அவளைப் பயமுறுத்தியது. அந்த உடம்பில் அவ்வளவு மிச்சமிருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. எதிர்பார்க்காததோடு, அதில் தனக்கு ஒரு ஏமாற்றமும் இருந்ததைக் கவனித்தாள். உடனே மாஸ்க்கைச் சரிசெய்வதில் மும்முரமானாள்.

கணவன் கூடத்தில் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்து மறுநாள் பேச்சுக்கான குறிப்புகளைத் திருத்திக்கொண்டிருந்தான்.

"மாமா ஆஸ்பத்திரிக்குப் போகணும்ங்கறார்."

"யார், அப்பாவா?" அவன் தலையைத் தூக்கவில்லை. "சொல்லமாட்டாரே."

"சொல்றார். ரெண்டு தடவை சொன்னார்."

அவன் எழுந்து போனான். கட்டிலோரம் குனிந்து, அப்பாவின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டு, பாட்காஸ்ட்டில் விருந்தினரிடம் பேசும் அந்த நிதானமான குரலில் கேட்டான். "என்னப்பா, ஐசியுவுக்குப் போகணுமா?"

கிழவர் தலையசைத்தார். நன்றாகவே அசைத்தார்.

"போனா ட்யூப் போடுவாங்கப்பா. கையைக் கட்டிப்போட்டுடுவாங்க. நாங்க கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிப்போம். பரவாயில்லையா?"

மறுபடியும் அசைத்தார்.

வெளியே வந்ததும் அவன் கதவை மூடினான். மூடிய கதவில் சாய்ந்து, "இதுல சுவாரஸ்யம் என்னன்னா," என்றான், "இது அப்பா இல்ல. பயம் பேசுது. ஆக்ஸிஜன் குறைஞ்சா மூளை அப்படித்தான். தெளிவா இருந்தப்ப அவர் என்ன சொன்னாரோ அதுதான் அவர்."

வீட்டிலும் அவன் அப்படித்தான் பேசுவான். பால் பொங்கி வழிந்தாலும் அதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கும். அவனுடைய பாட்காஸ்ட்டுக்குப் பெயர் 'சராசரி'. நாம் நிற்கும் வரிசை மட்டும் ஏன் நகர்வதில்லை, இலவசமாகக் கொடுத்த மருந்தை ஜனங்கள் ஏன் சாப்பிடுவதில்லை, ஓர் ஊரின் சராசரிச் சம்பளம் ஏன் அந்த ஊரில் யாருக்குமே வருவதில்லை என்று பொருளாதாரத்தையும் புள்ளிவிவரத்தையும் அன்றாட வாழ்க்கையோடு முடிச்சுப் போட்டுப் பேசுவான். பேசுவது அவன், வெட்டி ஒட்டுவது அவள்; மாமாவுக்கு அவள் கத்திரி ஆனது அதனால்தான். ஆரம்பத்தில் கேட்டவர்கள் சொந்தக்காரர்களும் சில மாணவர்களும்தான். பிறகு ஒருநாள் நெரிசலைப் பற்றிய பகுதி ஒன்றில், சும்மா ஒரு நிமிஷம் பேசட்டும் என்று அப்பாவை மைக் முன்னால் உட்கார வைத்தான்.

அவர் ஆயுசு முழுக்க பஸ் கண்டக்டராக இருந்தவர். குரல் கடைசி சீட் வரைக்கும் போகும். "உள்ள அவ்வளவு இடம் கிடக்கும், ஒருத்தனும் போகமாட்டான். படியிலேயே தொங்குவான். ஏன்டான்னா, இறங்கறதுக்கு வசதியாம். வாழ்க்கை பூரா இறங்கறதுக்கு வசதியாவே நிக்கறான்!" என்றார். அதோடு 'சராசரி' பிய்த்துக்கொண்டு போயிற்று. எல்லாப் பகுதியிலும் கடைசி ஐந்து நிமிஷம் கண்டக்டர் அப்பாவுக்கு என்று ஆனது. ஜனங்கள் முதல் பாதியைத் தாண்டிவிட்டு நேராக அவரிடம் போனார்கள். அது மகனுக்குத் தெரியும். தெரியாதது போல இருந்தான்.

மாமாவுக்குப் புகழ் நன்றாகவே பிடித்திருந்தது. தெருவில் யாராவது அடையாளம் கண்டுகொண்டால் தெரியாதவர் மாதிரி இரண்டடி போய்விட்டுத் திரும்புவார். மைக் கிடைத்தால் வீட்டு விஷயம் எல்லாம் வந்துவிடும். "என் மருமக சமையல்ல ஒரு நேர்மை இருக்கு. எப்பவும் ஒரே மாதிரி சுமாரா இருக்கும்" என்று ஒருமுறை சொன்னார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். அந்தப் பகுதியை வெட்டி ஒட்டியவள் அவள்தான். அதை எடுத்துவிட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். ஆனால் அது நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதை அவள் வெட்டமாட்டாள். அவளுக்கென்று இருந்த ஒரே கர்வம் அது.

கணவன் டாக்டருக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான்.

"கூட்டிட்டு வந்தா சேர்த்துக்கறோம் சார்," என்றார் டாக்டர். "ட்யூப் போட்டுப் பார்க்கலாம். சில பேர் மீண்டு வந்திருக்காங்க. ஆனா அவர் விருப்பம்தான் எல்லாருக்கும் தெரியுமே. எங்க நர்ஸுங்க வரைக்கும் அந்தப் பகுதியைக் கேட்டிருக்காங்க. 'விசில் கொடுக்க எனக்குத் தெரியும்'னு... என்ன தெளிவு சார் அந்த மனுஷனுக்கு! நீங்க முடிவெடுங்க."

"தேங்க்ஸ் டாக்டர்," என்றான் கணவன், ஒரு பாராட்டுக்கு நன்றி சொல்வது போல.

அந்தப் பகுதியை அவளுக்கு வரி வரியாகத் தெரியும். கடைசிக் காலத்தில் ஒரு நாடு எதற்குச் செலவழிக்கிறது, எதற்குச் செலவழிக்க வேண்டும் என்பது தலைப்பு. முடிவில் மகன் அப்பாவிடம் கேட்டான், உங்களுக்கு என்ன வேணும்ப்பா என்று. மாமா நாற்காலியில் சாய்ந்துகொண்டார். காபி டம்ளர் கையில் இருந்தது. "என்னைக் கட்டிப்போட்டு ட்யூப் சொருகி, ஓடாத வண்டியில உட்கார வைக்காதீங்கடா. என் ஸ்டாப் வந்தா நான் இறங்கிக்கறேன். விசில் கொடுக்க எனக்குத் தெரியும்."

அங்கே அவள் இசையை ஏற்றியிருந்தாள்.

உண்மையில் அவர் அங்கே நிறுத்தவில்லை. ஒரு மடக்குக் காபி குடித்தார், இருமினார், பிறகு சொன்னார். "இதெல்லாம் காபி குடிச்சுக்கிட்டுப் பேசறது. மூச்சு முட்டறப்ப நான் வேற மாதிரி சொன்னா அப்ப சொல்றதைக் கேளு. இறங்கறேன்னு படி வரைக்கும் வந்துட்டு இறங்காம நின்னவன் எத்தனை பேரைப் பார்த்திருக்கேன். நான் ஒருத்தனையும் பிடிச்சுத் தள்ளினதில்ல."

"விசில்லயே முடிச்சிடு," என்றான் கணவன், அவள் தோளுக்குப் பின்னால் நின்று. அவளுக்கும் அது சரியென்றே பட்டது. வேலை தெரிந்த யாருக்கும் படும். அந்த வரிக்குப் பிறகு எது வந்தாலும் இறக்கம்தான். வெட்டிய இடத்தில் காலி அறையின் ஒலியைக் கொஞ்சம் வைத்தாள். ஆளில்லாத அறைக்கும் ஓர் ஒலி உண்டு. அதை ஒரு நிமிஷம் தனியாகப் பதிந்து வைத்துக்கொண்டால் வெட்டுகிற இடத்திலெல்லாம் நிரப்பலாம். நிரப்பாவிட்டால் கேட்கிறவன் காதுக்கு ஒரு பள்ளம் தெரியும். அவள் வைத்த இடத்தில் பள்ளமே தெரியவில்லை.

அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது. அந்த வரியை ஜனங்கள் சுவரில் எழுதி மாட்டினார்கள். வீட்டிலேயே இறப்பதைப் பற்றி அரசாங்கம் தயாரித்த கொள்கை வரைவின் முதல் பக்கத்தில் அது ஏறியது. அதை வெளியிடும் மேடையில்தான் அவன் நாளைக்குப் பேசப்போகிறான்.

அடுப்படியில் அவன் தண்ணீர் குடிக்க வந்தபோது அவள் சொன்னாள். "அந்த வரிக்கு அப்புறம் மாமா இன்னொண்ணு சொல்லியிருந்தார்."

"தெரியும்."

அவன் மறந்திருப்பான் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். மறந்திருந்தால் நினைவுபடுத்தலாம். அதைத் தாண்டி அவளிடம் வேறு வார்த்தை தயாராக இல்லை.

"நான்தானே எடுக்கச் சொன்னேன்," என்றான். "இப்ப அதுக்கென்ன?"

"மூச்சு முட்டறப்ப சொல்றதைக் கேளுன்னு..."

"இங்க பாரு. இந்த வயசு, இந்த நுரையீரல். உள்ள போறவங்கள்ல பாதிப் பேர் திரும்பறதில்ல. திரும்பறவங்களும் எப்படித் திரும்பறாங்கங்கறே? அவரைச் சித்திரவதை பண்ணச் சொல்றியா?" குரல் தாழ்ந்தது. "நாளைக்கு நான் மேடையில என்னன்னு பேசறது? எங்கப்பா ஐசியுவுல இருக்கார், நீங்கல்லாம் வீட்டுலயே சாகுங்கன்னா?"

சொன்னதும் அவனுக்கே அது காதில் விழுந்திருக்க வேண்டும். டம்ளரைக் கவிழ்த்து வைத்தான். அவள் தோளைத் தொட்டான். "உனக்கும்தானே கஷ்டம். எத்தனை நாளா ராப்பகலா பார்க்கறே. உன் முகத்தைப் பாரு."

அவள் முகத்தை அவன் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்த ஒரு வரியில் அவள் உள்ளே ஏதோ கரைந்தது. கரைந்த வேகத்தைக் கண்டு அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஹெட்ஃபோனில் குமிழிகள் உடைந்துகொண்டிருந்தன.

நாத்தனார் வரும்போது வெயில் ஏறியிருந்தது. செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடியவள், இரண்டு நிமிஷத்தில் வெளியே வந்தாள்.

"அண்ணா, அப்பா கையெடுத்துக் கும்பிடறார். என்னைப் பார்த்து! ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு கும்பிடறார். நீங்க ரெண்டு பேரும் இங்க நின்னு என்ன பண்றீங்க?"

"உட்காரு. முதல்ல உட்காரு."

"உட்காரமாட்டேன். வண்டியைக் கூப்பிடு."

"பாதிப் பேர் திரும்பி வரதில்ல, தெரியுமா உனக்கு?"

"பாதிப் பேர் வராங்கல்ல? அதுல ஒருத்தரா எங்கப்பா இருக்கக் கூடாதா? உன் கணக்குல அவருக்கு மட்டும் இடமில்லையா?"

"நீ எமோஷனலா பேசறே."

"பின்ன எப்படிப் பேசணும்? உன்ன மாதிரி இசை போட்டுட்டுப் பேசணுமா?"

கேட்டுக்கொண்டு நின்ற அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். அந்த நேரத்தில் சிரிப்பு வந்ததே என்று பிறகு வெகுநாள் நினைத்துக்கொள்ளப் போகிறாள்.

"இது என் முடிவில்ல," என்றான் கணவன். "அப்பா முடிவு. அவர் வாயாலேயே கேளு."

அவன் தங்கையை அழைத்துக்கொண்டு உள்ளே போனான். அவளும் பின்னால் போனாள். அவன் ஃபோனை அப்பாவின் மார்புக்குப் பக்கத்தில், போர்வை மேல் வைத்து அழுத்தினான்.

*என்னைக் கட்டிப்போட்டு ட்யூப் சொருகி, ஓடாத வண்டியில உட்கார வைக்காதீங்கடா...*

நுரைப்பஞ்சு அறையில் அந்தக் குரல் எதிரொலியே இல்லாமல் தெளிவாக நின்றது. கடைசி சீட் வரைக்கும் போகிற குரல். அதன் கீழே, அதே தொண்டையிலிருந்து, இந்த மூச்சு. நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கூரையைப் பார்த்தபடி கேட்டார். தன் குரலைக் கேட்கும்போது வருகிற அந்தப் பழைய பெருமிதம் முகத்தில் ஒரு கணம் வந்தது. உதடுகூட லேசாக அசைந்தது, கூடவே சொல்லிப் பார்ப்பது போல.

*...விசில் கொடுக்க எனக்குத் தெரியும்.*

இசை ஏறியது. கணவன் ஃபோனை எடுத்துக்கொண்டான்.

மாமா இன்னும் காத்திருந்தார். அடுத்து வர வேண்டியதற்காகக் காத்திருந்தார் என்பது அவளுக்குப் புரிந்தது. அது வராது என்பது அவருக்குப் புரிய இரண்டு மூச்சு ஆயிற்று. தலையைத் திருப்பி அவளைத் தேடினார். போர்வைக்கு வெளியே கிடந்த கை மெல்ல உயர்ந்தது. ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பிரிந்தன, சேர்ந்தன. பிரிந்தன, சேர்ந்தன.

"என்னப்பா?" நாத்தனார் குனிந்தாள். "அண்ணி, உங்களைத்தான் பார்க்கறார். என்ன கேக்கறார்?"

முழுப் பதிவும் அந்த அறையிலேயே, மேஜை மேல் கணினியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எடுத்துப் போடக்கூட வேண்டாம். ஒரு வாக்கியம் சொன்னால் போதும். நாத்தனார் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வாள். கூச்சலிடுவாள், வண்டி வரும். அவள் கணவனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தான், குருட்டு நம்பிக்கையோடு. அவள் வெட்டிக் கொடுத்த எதையும் அவன் இரண்டாம் தடவை கேட்டுப் பார்த்ததில்லை.

அவள் பயந்தாள் என்று சொல்ல முடியாது. கோபம் இருந்தது என்றும் சொல்ல முடியாது. அந்தச் சமையல் ஜோக்கெல்லாம் எந்தக் காலத்திலோ ஆறிப்போயிற்று. இன்றைக்குச் சாயங்காலம் தன் காதில் இந்த மூச்சு இருக்காது என்ற நினைப்பு ஒன்று மட்டும் உள்ளே, மிகச் சுத்தமாக, ஓரத்தில் இரைச்சலே இல்லாமல் இருந்தது.

"தண்ணி கேக்கறார்," என்றாள்.

பஞ்சை நனைத்து அவர் உதட்டில் வைத்தாள். அவர் வாயை மூடிக்கொண்டார். தண்ணீர் தாடையோரமாக வழிந்து கழுத்துக்குப் போனது. அதைத் துடைத்தாள். விரல்கள் போர்வை மேல் விழுந்தன. அதற்குப் பிறகு அவர் அவளைக் கத்திரி என்று கூப்பிடவில்லை. யாரையும் எதுவும் கூப்பிடவில்லை.

நாத்தனார் கட்டிலோரத்திலேயே உட்கார்ந்து அழுது அழுது, பிற்பகலில் அப்பாவின் காலடியில் தலை வைத்துத் தூங்கிப்போனாள். கணவன் வாசலில் நின்று மறுநாள் கூட்டத்துக்காரர்களோடு ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். அவள் அடுப்படியில் டீயை வடிகட்டிக்கொண்டிருந்தபோது மூச்சு நீண்டது, நின்றது. அவள் வடிகட்டியைப் பிடித்தபடி நின்றாள். இன்னொன்று வந்தது, மிகச் சிறியது, எதையோ சொல்ல ஆரம்பித்து வேண்டாமென்று விட்டது போல. பிறகு வரவில்லை.

மூன்று டம்ளரிலும் டீயை ஊற்றினாள். சர்க்கரை போட்டுக் கலக்கினாள். அதற்குப் பிறகுதான் ஹெட்ஃபோனைக் கழற்றி, வாசலுக்குப் போய்க் கணவனின் முதுகைத் தொட்டாள்.

சாயங்காலத்துக்குள் வீடு நிரம்பிவிட்டது. சொந்தக்காரர்களைவிடக் கேட்டவர்கள்தான் அதிகம். கல்லூரிப் பையன் ஒருவன் விசில் ஒன்றை வாங்கி வந்து மாமாவின் நெஞ்சில் வைத்தான். எல்லோரும் அழுதார்கள்.

கீழ்வீட்டு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொடுத்து வச்ச மனுஷன்மா. நினைச்ச மாதிரியே போனார். எங்க மாமியார் கிடந்து சீரழிஞ்சாங்க, ட்யூபும் அதுவுமா. இவர் பாரு, விசில் கொடுத்துட்டு இறங்கிட்டார்."

"ஆமாங்க," என்றாள்.

நாத்தனார் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. அவளை மட்டும் பக்கத்தில் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொண்டாள். "நீங்க இல்லேன்னா அப்பா கடைசியில ஒரு வாய் தண்ணிகூட இல்லாமப் போயிருப்பார் அண்ணி," என்று தோளில் சாய்ந்தாள். அந்தத் தலையின் கனத்தை அவள் அசையாமல் தாங்கிக்கொண்டாள்.

கணவன் வந்து காதருகே குனிந்தான். கண் சிவந்து வீங்கியிருந்தது; அவனும் அழுதிருந்தான், நிஜமாகவே. "நாளைக்குக் கூட்டத்துல அப்பா குரல்லதான் ஆரம்பிக்கறாங்களாம். அந்தப் பழைய பகுதியையே கொஞ்சம் நீட்டி, அவருக்கு அஞ்சலியா. அந்த வரிக்கு அப்புறம் நல்லா இடம் விடணும். இப்பவே ஒரு நிமிஷம் காலி ரூம் எடுத்து வச்சுடு. அப்புறம் கட்டிலை எடுத்துட்டா சவுண்ட் மாறிடும்."

அது உண்மைதான். அறையில் ஒரு சாமான் குறைந்தாலும் ஒலி மாறிவிடும்.

அவள் உள்ளே போனாள். கட்டிலைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்று தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் மேஜையில் உட்கார்ந்து ஹெட்ஃபோனை மாட்டினாள். மாமாவின் தலைமாட்டில் மைக் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"ஒரு நிமிஷம் யாரும் பேசாதீங்க, ப்ளீஸ்," என்று கையை உயர்த்தினாள்.

அவர்கள் அவளைப் பார்த்தார்கள். ஒருவர் கைகளை முன்னால் கோத்துக்கொண்டு தலையைக் குனிந்தார். அதைப் பார்த்து மற்றவர்களும் குனிந்தார்கள். கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தவர்கள் வாசற்படியிலேயே நின்று கண்ணை மூடிக்கொண்டார்கள். நாத்தனார்கூட எழுந்து வந்து சுவரைப் பிடித்தபடி நின்றாள்.

அவள் பதிவை ஓடவிட்டாள். ஹெட்ஃபோனில் காற்றுச் சத்தம் ஒன்று சன்னமாக, விடாமல் வந்துகொண்டிருந்தது. திரையில் ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடு அடியில் நடுங்கியது. என்னவென்று திரும்பிப் பார்த்தாள். தலையணை ஓரம் கழற்றிப்போட்டிருந்த மாஸ்க்கிலிருந்து வந்தது. ஆக்ஸிஜனை நிறுத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

பதிவை நிறுத்தினாள். குனிந்த தலைகளுக்கு நடுவில் நடந்துபோய் சிலிண்டரின் திருகை மூடினாள். இறுக்கமாக இருந்தது, இரண்டு கையாலும் திருப்ப வேண்டியிருந்தது. கடைசியாக ஒரு சின்னச் சீறலோடு நின்றது. திரும்பி வந்து உட்கார்ந்து ஹெட்ஃபோனைக் காதோடு அழுத்திப் பார்த்தாள். சுத்தமாக இருந்தது.

அவள் மறுபடியும் கையை உயர்த்தினாள். எல்லோரும் மறுபடியும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.